ஒரே விமானத்தில் இரண்டு தூரம்

வெள்ளூரணி வடக்கு மடத்தெருவில் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட இரண்டு வீடுகளில் ரேணுகாதேவியும் பிரபாவதியும் குடியிருந்தார்கள். ரேணுகா அண்ணனுக்கு வாக்கப்பட்டவள், பிரபாவதி தம்பிக்கு வாக்கப்பட்டவள். அண்ணன் நாகசுந்தரமும் தம்பி குலசேகரனும் சிங்கப்பூரில் ஒரே கட்டட வேலையில் சேர்ந்து, ஒரே விடுதி அறையில் கீழ்க்கட்டிலிலும் மேல்கட்டிலிலும் படுத்து, ஒரே நாளில் லீவு சொல்லி, ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஊருக்கு வருகிறவர்கள். அப்படி வந்த ஒரு மாசி மாதத்தில் தம்பி ஒரு மணி நேரத்தில் திருச்சியில் இறங்கினான், அண்ணன் நாலு மணி நேரத்தில் இறங்கினான்.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வருகிற புருஷனை அழைத்துவரப் பெண்டாட்டி விமான நிலையத்துக்குப் போகமாட்டாள். மச்சினனோ மாமனோ வேனில் போவார்கள், அவள் வீட்டில் இருந்து சமைத்துவிட்டு வாசலில் ஆரத்தித் தட்டோடு நிற்பாள். விமானத்துக்குள் உட்கார்ந்ததும் அவன் போன் போட்டு, "கதவைச் சாத்தப் போறாக" என்று சொல்வான், அதற்குமேல் போனை அணைத்துவிட வேண்டும். அந்த இரண்டு நிமிஷப் பேச்சுக்குக் கதவுப் போன் என்று பெயர், அது வந்த பிறகுதான் கறி வாங்க ஆள் போகும், வெங்காயம் உரிபடும், மசாலா அரைபடும். ஆகவே வடக்கு மடத்தெருப் பெண்களுக்குச் சிங்கப்பூருக்கும் திருச்சிக்கும் இடையில் இருக்கிற மூவாயிரம் கிலோமீட்டர் என்பது ஒரு ஆட்டுக்கறிக் குழம்பு, ஒரு கோழி வறுவல், ஒரு ரசம், தலைக்குக் குளித்து ஈரம் காய்கிற நேரம், அதற்குமேல் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்கிற நடை. ஒருத்தியும் விமானத்தில் ஏறியதில்லை, ஆனால் அதன் நீளம் எல்லோருக்கும் கையில் தெரியும்.

அந்த மாசியில் பிரபாவதி வெங்காயத்தைப் பாதிதான் உரித்திருந்தாள், வேன் வந்து நின்றது. குலசேகரன் பெட்டியோடு இறங்கி, சட்டையைக் கழற்றிப்போட்டு, மீதி வெங்காயத்தை அவனே உரிக்க உட்கார்ந்தான். சத்தம் கேட்டு அடுத்த வாசலில் ஆரத்தித் தட்டோடு ஓடிவந்து நின்ற ரேணுகாவைப் பார்த்து வேன்காரர் ஆரோக்கியம் தலையைச் சொறிந்தார்.

"அண்ணன் இன்னும் வரல அண்ணி. தம்பி மட்டுந்தான் இறங்குனாரு."

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே ஏறுனாக?"

"ஒண்ணாத்தான் ஏறுனாகளாம். தம்பிக்கு ஊரு வந்துருச்சு, இறங்கிட்டாரு. அண்ணனுக்கு இன்னும் வரல. நான் மறுபடி போறேன்."

உள்ளேயிருந்து குலசேகரன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னான், "அண்ணன் பக்கத்துலதான் அண்ணி உக்காந்திருந்தாரு. நான் இறங்கறப்ப ஜன்னலப் பாத்துக்கிட்டிருந்தாரு. வரலையாண்ணேன்னு கேட்டேன், கடல் தெரியுதுன்னாரு."

நாகசுந்தரம் வழக்கமான நேரத்துக்கு வந்து சேர்ந்தான். அவன் தாமதமாக வரவில்லை, எப்போதும் ஆகிற நாலு மணி நேரம்தான் அவனுக்கும் ஆனது என்று ரேணுகாவுக்குத் தெரியும். ஆனாலும் பக்கத்து வீட்டில் சாப்பிட்டுக் கைகழுவுகிற சத்தம் கேட்ட பிறகு வருகிறவன் தாமதமாக வருகிறவன்தான். ஆரத்தித் தட்டில் கற்பூரம் அணைந்து கறுப்பாக ஒரு பொட்டு மிஞ்சியிருந்தது, அவள் அதை முந்தானையால் துடைத்துவிட்டு வேறொரு கற்பூரம் ஏற்றினாள். சுவருக்கு அந்தப் பக்கம் பிரபாவதி எதற்கோ சிரித்தாள். எதற்காகச் சிரித்தாள் என்று ரேணுகா அன்றைக்குப் பூராவும் யோசித்தாள்.

அதற்குப் பிறகு ஊருக்குள் எல்லோருடைய தூரமும் ஆளுக்கொரு மாதிரி ஆகிவிட்டது. மளிகைக்கடை வீட்டு மருமகன் மூன்று மணி நேரத்தில் வந்தான், கிழக்குக் கோடி வீட்டு இரட்டையர்களில் மூத்தவன் ஐந்து மணி நேரத்திலும் இளையவன் இரண்டு மணி நேரத்திலும் வந்தார்கள். விமான நிலையத்தில் முதலில் கொஞ்சம் தடுமாறினார்கள், பிறகு பழகிவிட்டது. ஊர் வந்தவர்கள் இறங்குவதற்கும் வராதவர்கள் உட்கார்ந்திருப்பதற்கும் பணிப்பெண்கள் வழிவிட்டார்கள், பெட்டி வருகிற பட்டையில் பெட்டிகள் அவரவர் ஆளுக்குத் தக்கபடி வந்து விழுந்தன, வாசலில் நின்ற டீக்கடைக்காரர் கூடுதலாக ஒரு பெஞ்சு வாங்கிப் போட்டார். கடைத்தெரு டிராவல்ஸ்காரர் தன் கண்ணாடிக் கதவில் "நேரத்துக்குத்தான் நாங்கள் பொறுப்பு, தூரத்துக்கு அல்ல" என்று ஒட்டினார். பள்ளிக்கூடத்துப் பூகோளப் பரீட்சையில் திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் இடையே உள்ள தூரம் என்ன என்று கேட்டதற்கு எட்டாம் வகுப்பில் பாதிப்பேர் "யாருக்கு?" என்று எழுதிவைத்தார்கள், டீச்சருக்கும் வீட்டுக்காரர் துபாயில் இருந்ததால் அவர் யோசித்துப் பார்த்து எல்லோருக்கும் மார்க் போட்டார்.

பெண் கேட்டு வருகிற தரகர்கள் படிப்பையும் சம்பளத்தையும் சொல்லிவிட்டு, "பையன் ரெண்டரை மணி நேரத்துல வந்துருவாப்ல" என்று சேர்த்துக்கொண்டார்கள். கல்யாணமாகாதவனுக்கு எந்த வீட்டுத் தூரத்தை வைத்து அளந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. முத்துமாரியம்மன் கோயிலில் நேர்த்திக்கடனாகக் கண்ணடக்கம், தொட்டில், கைகால் எல்லாம் தொங்குகிற கம்பியில் சின்னச் சின்ன வெள்ளி விமானங்கள் தொங்க ஆரம்பித்தன, பூசாரி காற்றுக்கு அவை முட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் நூல் கட்டிவைத்தார். மேலவீட்டுப் பாண்டியம்மாள் தன் புருஷன் அரைமணியில் வந்துவிடுவார் என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள், அதை மெய்யாக்க அவனை ஒருநாள் முன்னதாகவே வரச்சொல்லி, கடலோரம் மணமேல்குடியில் தங்கச்சி வீட்டில் ஒளித்துவைத்து, மறுநாள் எல்லோரும் பார்க்க வாசலில் நின்று பொய்யாக ஒரு கதவுப் போன் பேசி, அரைமணியில் ஆட்டோவில் இறக்கினாள். விமானத்தில் வந்தவன் சட்டையில் கருவாட்டு வாசம் அடித்ததால் பிடிபட்டுப்போனாள். அதற்காக யாரும் அவளைக் குறைவாக நினைக்கவில்லை. யாருக்குத்தான் ஆசை இருக்காது?

ஒருவர் இவ்வளவு நேரத்தில் வருவதற்கும் இன்னொருவர் அவ்வளவு நேரத்தில் வருவதற்கும் என்ன காரணம் என்று தெருவில் இரண்டு அபிப்பிராயம் இல்லை. வீட்டிலிருக்கிறவள் இழுக்கிற இழுப்புத்தான் காரணம் என்று ஆணும் பெண்ணும் ஒரே மனதாகச் சொன்னார்கள். ரேணுகாவின் மாமியார் வீராயியிடம் யாரோ கேட்டதற்கு அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார், "எங்கிட்டக் கேக்காதிய. என் வயித்துல ரெண்டு பேரும் பத்து மாசந்தான் இருந்தானுக. ஒருத்தனும் முன்னப்பின்ன வரல. அதுக்கப்பறம் வந்தவளுகளப் போயிக் கேளுங்க."

வந்தவளுகள் என்றால் தன்னைத்தான் சொல்கிறார் என்று ரேணுகாவுக்குத் தெரியும், ஏனென்றால் குலசேகரன் அடுத்த லீவுக்கு வரும்போது பிரபாவதியின் கையில் கதவுப் போன் சூடு ஆறவில்லை, நாகசுந்தரம் வருவதற்கு ஆறு மணி நேரம் ஆனது; அதற்கடுத்த லீவுக்கு ஒன்பது மணி நேரம் ஆனது.

பிரபாவதியிடம் அப்படி என்ன இருக்கிறது என்று ரேணுகா பார்க்க ஆரம்பித்தாள். பார்க்கப் பார்க்க ஒன்றும் இல்லை என்று தெரிந்தது, அதுதான் தாங்கமுடியாததாக இருந்தது. அவள் மசாலா அரைக்கமாட்டாள், பாக்கெட்டை வெட்டிக் கொட்டுவாள். குழம்பில் உப்பு ஒருநாளும் சரியாக இருக்காது. காலை நீட்டிக்கொண்டு டிவி பார்ப்பாள், பால் பொங்கி அடுப்பு அணைந்தாலும் விளம்பரம் வந்த பிறகுதான் எழுந்திருப்பாள். ரேணுகாவோ விடிவதற்குள் வாசல் தெளித்து, மாமியாருக்கு வெந்நீர் வைத்து, மகள் யாழினிக்குச் சோறு கட்டி, வயலுக்கு ஆள் விட்டு, கரண்ட் ஆபீசுக்கும் ரேஷன் கடைக்கும் நாத்தனார் வீட்டு விசேஷத்துக்கும் ஒருத்தியாகவே அலைகிறவள். இழுப்பு என்று ஒன்று இருந்தால் அது யாரிடம் இருக்க வேண்டும்? கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் அவள் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்து அடுப்புக்குக் கீழே, அரிசிப்பானைக்குப் பின்னால், நிலைக்கு மேலே ஏதாவது மந்திரத் தகடு கிகடு இருக்கிறதா என்று கண்ணால் துழாவினாள். நிலைக்கு மேலே ஒரு பழைய சீப்பு மட்டும் இருந்தது. அது யாருடைய சீப்பு என்று அதற்கும் ஒரு பொறாமை வந்தது.

அடுத்த லீவுக்குக் கதவுப் போன் வந்த நாளில் சுவரோடு காதை வைத்துக் கேட்டாள். பிரபாவதி பேசினது இவ்வளவுதான்: "பசிக்குதா? ம்... வாங்க வாங்க. வந்து நீங்களே பாருங்க." அதற்கு ஒரு சிரிப்பு. அதற்குள் சுவருக்கு இந்தப் பக்கம் ரேணுகாவின் போன் அடித்தது.

ரேணுகா கதவுப் போனில் எப்போதும் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறவள். மற்ற நாளில் அவன் வேலை முடித்து வந்து பேசும்போது அறையில் பத்துப்பேர் இருப்பார்கள், பாதிப் பேச்சில் தூங்கிவிடுவான். இந்த இரண்டு நிமிஷம்தான் அவன் எங்கேயும் போகமுடியாமல் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிற நிமிஷம். ஆகவே மோட்டார் காயில் எரிந்துபோனதையும், கிழக்குச் சுவரில் விரிசல் விட்டதையும், யாழினி கணக்கில் குறைந்துவிட்டதையும், மாமியாருக்கு முழங்கால் வீங்கியிருப்பதையும், நாத்தனார் வீட்டுச் சீர்வரிசைக்கு இவன் போய் நிற்காவிட்டால் ஊர் என்ன பேசும் என்பதையும் மூச்சுவிடாமல் சொல்லி, "சீக்கிரம் வாங்க" என்று முடிப்பாள். இத்தனை வேலை கிடக்கிறது என்று தெரிந்தால் மனுஷனுக்குக் கால் தானாக ஓடிவரும் என்று நினைத்தாள். ஆறு மணி நேரம் ஆனபோது இன்னும் இரண்டு விஷயம் சேர்த்துச் சொன்னாள். ஒன்பது மணி நேரம் ஆனபோது அழுதுகொண்டே சொன்னாள்.

அன்றைக்குச் சுவரில் கேட்டதை வைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, அதே குரலில் கேட்டாள், "பசிக்குதா?"

அந்தப் பக்கம் நாகசுந்தரம் பதறிப்போய், "ஏன், என்ன ஆச்சு? யாருக்கு என்ன? அம்மா நல்லாருக்கா?" என்றான்.

"ஒண்ணுமில்லங்க. வந்து நீங்களே பாருங்க."

"என்னத்தப் பாக்கணும்? ரேணு, எதையாச்சும் மறைக்கிறியா?"

கதவைச் சாத்திவிட்டார்கள், போன் நின்றுபோனது. அந்த முறை அவன் வருவதற்கு ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஆயின.

குழம்பு ஊசிப்போய்க் கொட்டி, மறுபடி கறி வாங்கி, மறுபடி வைத்தாள். தெருவில் ஒருத்தர் மாற்றி ஒருத்தர் வந்து, "இன்னும் வரலையாத்தா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் கேள்வியில் இருந்த இனிப்பு அவளுக்குத் தெரிந்தது, தானும் பாண்டியம்மாளிடம் அதே இனிப்போடு கேட்டவள்தானே. பிரபாவதி ஒரு கிண்ணத்தில் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனது எல்லாவற்றிலும் பெரிய அவமானமாக இருந்தது. ரேணுகா அந்தக் குழம்பை நாய்க்கு வைத்தாள், நாய் தின்றதைப் பார்த்து நாயின் மேலும் கோபப்பட்டாள். ஆறு, ஒன்பது, ஒரு நாள். இந்தக் கணக்கு எங்கே போய் முடியும் என்று யோசித்தாள். ஒரு தடவை கதவைச் சாத்திக்கொண்டு கிளம்புகிறவர், கடலுக்கு மேலே போய்க்கொண்டே இருந்து, இறங்காமலே போய்விட்டால்? அவர் செத்ததாகவும் ஆகாது, வந்ததாகவும் ஆகாது. பொட்டை அழிக்கவும் முடியாது, பூ வைக்கவும் முடியாது.

விடிந்ததும் ஆரோக்கியம் வேனைக் கிளப்பியபோது அவள் போய் முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, பொம்பளையாளுக போறதில்லையே," என்றார் அவர்.

"வர்ற ஆளு வரல. அப்பறம் எந்த வழக்கத்த வச்சு நான் என்ன செய்யிறது? எடுங்க வண்டிய."

விமான நிலையத்தில் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். பிறகு கண்ணாடிக் கதவு திறந்து நாகசுந்தரம் வந்தான். அவளுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. அவன் முகத்தில் எண்ணெய் வடியவில்லை, கண்ணுக்குக் கீழே கறுப்பு இல்லை, தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு எதையோ முனகியபடி, திருவிழாவுக்கு வந்தவன் கடைகளைப் பார்த்துக்கொண்டு நடப்பதுபோல மெதுவாக நடந்துவந்தான். கல்யாண ஆல்பத்திலும் இல்லாத ஒரு முகம். அவன் அவளைப் பார்த்தான். பார்த்த இடத்திலேயே அந்த முகம் ஓரங்களிலிருந்து மடிந்து மடிந்து, பெட்டிக்குள் வைக்கிற சட்டைபோலச் சின்னதாகி, அவளுக்குத் தெரிந்த முகமானது.

"என்ன ஆச்சு?" என்றான்.

அவளுக்குப் பொறாமை வந்தது, இதுவரை வந்த பொறாமையெல்லாம் இதற்கு ஒத்திகை என்பதுபோல வந்தது. வேறொரு பெண் என்றால் பேரைச் சொல்லி வைய முடியும், தலைமுடியைப் பிடிக்க முடியும். வேன் ஏறி டோல்கேட் தாண்டுகிறவரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்டாள், "அங்க என்ன இருக்கு?"

"எங்க?"

"விமானத்துல. எம்புட்டு நேரமானாலும் இறங்க மனசில்லாம உக்காந்திருக்கீகளே, அங்க அப்படி என்னதான் வச்சிருக்காக?"

அவன் ஆரோக்கியத்தைப் பார்த்தான், ஆரோக்கியம் பாட்டைச் சத்தமாக வைத்தார்.

"ஒண்ணுமில்ல ரேணு. ஒரு சீட்டு இருக்கு. போர்வை குடுப்பாக. டீயா காப்பியான்னு கேப்பாக, அதுக்குமேல ஒண்ணும் கேக்க மாட்டாக." வெளியே பார்த்துக்கொண்டு சொன்னான். "அங்க போனா போர்மேன் கூப்புடுவான். இங்க வந்தா நீங்கள்லாம் கூப்புடுவீக. நடுவுலதான் யாரும் கூப்புட முடியாது. நான் வேணும்னு செய்யல. கண்ணசந்துருவேன். முழிச்சுப் பாத்தா கீழ இன்னும் கடலாவே இருக்கும். சரி, இருக்கட்டும்னு தோணும்."

"அப்ப நான்?"

"உனக்கென்ன?"

"எனக்கு எவன் அந்த மாதிரி ஒரு சீட்டுப் போட்டு வச்சிருக்கான்? எனக்கு யாரு போர்வை குடுத்தா? டீயா காப்பியான்னு என்னைய ஒரு நாளாச்சும் யாராச்சும் கேட்டிருக்கீகளா?"

கீரனூர் தாண்டி, புதுக்கோட்டை தாண்டி, வேன் ஊருக்குள் நுழைகிற வரைக்கும் அப்படிக் கேட்டது அவளுக்கே புதிதாக இருந்தது.

லீவு முடிகிற வாரத்தில், கொல்லைப்பக்கக் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுப் பிரபாவதி வந்து அவள் பக்கத்தில் குந்தினாள்.

"அக்கா, ஒண்ணு கேட்டா வைய மாட்டீகளே?"

"கேளு."

"சிங்கப்பூரு போயிச் சேந்துட்டேன்னு மாமா எப்ப போன் பண்ணுவாக?"

"அதெல்லாம் மறுநாள்தான் வரும். ஏன், அதையும் ஊரெல்லாம் சொல்லணுமா?"

"இல்லக்கா." பிரபாவதி குழாயில் வராத தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வர்ற தூரத்தத்தான் எல்லாரும் அளக்கறாக. போற தூரமும் அதேதானே? வேனு தெருமுக்குத் திரும்பிப் போவும், நான் கண்ணத் தொடச்சிக்கிட்டுக் கட்டில்ல வந்து உக்காருவேன், கதவச் சாத்தறாகன்னு ஒரு போன் வரும், வச்சவுடனே ரூமுக்கு வந்துட்டேன், சோறு திங்கப்போறேன்னு அடுத்த போன் வரும். அவுக தலவாணியில தல வச்ச பள்ளம் அப்படியே இருக்கும், அதுக்குள்ள அந்த ஊரு ஆளாயிருவாக. அழுவக்கூட நேரமிருக்காதுக்கா. உங்களுக்கு ஒரு நா பூரா மாமா அந்த ஊருக்கும் போவாம இந்த ஊருக்கும் இல்லாம நடுவுலயே இருக்காக. அத நெனச்சா எனக்குப் பொறாமையா இருக்கும்."

ரேணுகா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இத்தனை நாளும் சுவருக்கு அந்தப் பக்கத்திலும் ஒரு காது ஒட்டிக்கொண்டிருந்தது என்று அவளுக்கு அப்போது விளங்கியது. இரக்கப்பட வேண்டும் என்று தோன்றியது, ஆனால் முதலில் வந்தது இரக்கம் இல்லை. தன்னிடமும் பொறாமைப்பட ஏதோ இருக்கிறது என்ற சந்தோஷம்தான் முதலில் வந்தது, அதைக் குடத்தை எடுத்து இடுப்பில் வைக்கிற சாக்கில் மறைத்துக்கொண்டாள்.

அன்று மத்தியானமே புருஷனிடம் சொன்னாள், "என்னையும் கூட்டிக்கிட்டுப் போங்க. ரெண்டு வாரத்துக்கு விசா குடுக்கறாகளாமே. எங்க சித்தப்பா மக வீடு அங்கதான் இருக்கு, நான் தங்கிக்கறேன். எனக்கு அந்த ஊரப் பாக்கணும்னு இல்ல. அந்த சீட்டப் பாக்கணும்."

மாமியார், "முழங்காலுக்கு ஒத்தடம் யாரு குடுப்பா?" என்று கேட்டார். மோட்டார் யார் போடுவார்கள், யாழினியை யார் பள்ளிக்கூடத்தில் விடுவார்கள் என்று நாத்தனார் போனில் கேட்டாள். பிரபாவதி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, டிவியை நிறுத்தாமலே சத்தம் கொடுத்தாள், "நான் பாத்துக்கறேன். யாழினியும் நானும் ஓட்டல்ல வாங்கித் தின்னுக்குவோம். நீங்க போங்கக்கா. ஆனா எம்புட்டு நேரமாச்சுன்னு ஒளிக்காமச் சொல்லணும்!" பாஸ்போர்ட்டும் விசாவும் வருகிறவரை நாகசுந்தரம் லீவை நீட்டினான், அண்ணனை விட்டுப் போவதாவது என்று குலசேகரனும் நீட்டினான், அந்த நாட்களில் பிரபாவதி சந்தோஷத்தில் குழம்புக்கு இன்னும் அதிகமாக உப்புப் போட்டாள்.

மூன்று பேருக்கும் ஒரே வரிசையில் இடம் கிடைத்தது. ஜன்னலோரம் ரேணுகா, நடுவில் நாகசுந்தரம், நடைபாதையோரம் குலசேகரன். பெல்ட்டை எப்படிப் போடுவது என்று கொழுந்தனார் அவளுக்குக் காட்டிக்கொடுத்தார். விமானம் ஓடி, நிமிர்ந்து, அவள் கண்ணை மூடித் திறப்பதற்குள், கொழுந்தனார் பெல்ட்டைக் கழற்றி, மேலேயிருந்து பையை எடுத்துக்கொண்டு, "வர்றேன் அண்ணி. பாத்து வாங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவருடைய இருக்கையில் பெல்ட்டின் இரண்டு முனைகளும் விரிந்து கிடந்தன. அங்கே ஊரில் பிரபாவதிக்கு இந்நேரம் இரண்டாவது போன் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு ரேணுகா ஜன்னல் பக்கம் திரும்பினாள். கீழே கடல் இருந்தது.

கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பழக்கம் விடவில்லை, ஆரம்பித்தாள், "கிழக்குச் சொவரு விரிசல் இப்ப ஜன்னல் வரைக்கும் வந்துருச்சு." பக்கத்தில் அவன் தோள் இறுகியதைக் கண்டாள். நிறுத்திவிடலாமா என்று யோசித்தாள். நிறுத்தவில்லை. சுவரைப் பற்றிச் சொன்னாள், மோட்டாரைச் சொன்னாள், யாழினி கணக்கைச் சொன்னாள், நாத்தனாரைச் சொன்னாள், நாத்தனார் அப்படிச் சொன்னபோது தான் பதிலுக்குச் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டதைச் சொன்னாள், அவன் இல்லாத வருஷங்களில் காய்ச்சலில் தனியாகக் கிடந்த ஒரு வாரத்தைச் சொன்னாள், குழம்பை நாய்க்கு வைத்ததைச் சொன்னாள், பழைய சீப்பைச் சொன்னாள். யாரும் கதவைச் சாத்தவில்லை, போன் அணையவில்லை, சொல்லிக்கொண்டே போனாள், போய்க்கொண்டே இருந்தபோது ஒரு இடத்தில், கீழே குட்டிக் குட்டித் தீவுகள் தெரிந்த இடத்தில், சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் தீர்ந்துபோனது. தீர்ந்துபோகும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது, அவனுக்கும் தெரியாது. இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கொஞ்சம் வெட்கத்தோடு பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு அவன் சொன்னான். சாரத்திலிருந்து ஒருமுறை விழுந்ததையும், கீழே கட்டியிருந்த வலை பிடித்துக்கொண்டதையும், அன்றைக்கு ராத்திரி அவள் போன் செய்து தேங்காய் விலை சொன்னபோது ம் கொட்டியதையும் சொன்னான். அவள் அவனுடைய கையை எடுத்துப் பார்த்தாள். முழங்கைக்குக் கீழே ஒரு தழும்பு இருந்தது, லீவுக்கு வந்த நாளெல்லாம் அது அங்கேதான் இருந்திருக்கிறது.

பணிப்பெண் வந்து குனிந்து, அவளைப் பார்த்து, டீ வேண்டுமா காப்பி வேண்டுமா என்று கேட்டாள். ரேணுகா யோசித்து, டீ என்றாள். குடித்து முடித்துப் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டதுதான் தெரியும்.

எவ்வளவு நேரம் தூங்கினாள் என்று தெரியாது. விழித்தபோது அவன் தலை அவள் தோளில் இருந்தது, வாய் கொஞ்சம் திறந்திருந்தது, அன்றைக்கு விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்த அந்த முகம் மடியாமல் முழுசாக, மூச்சு படுகிற பக்கத்தில் இருந்தது. அவள் ஜன்னலில் பார்த்தாள். கீழே கடல் நிறம் மாறியிருந்தது. கப்பல்கள் தெரிந்தன, ஒன்றல்ல இரண்டல்ல, குளத்தில் வாத்துகள்போலக் கப்பல்கள் நிறைந்து நின்றன, அவற்றுக்கு அப்பால் கரையும், கரைமேல் உயர உயரமான கட்டடங்களும், அவற்றில் ஏதோ ஒன்றின் உச்சியில் பாரந்தூக்கியும் எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருந்தன.

அவள் அசைந்ததில் அவனுக்குத் தூக்கம் கலைந்தது. கண்ணைத் திறக்காமலே, "ஊரு வந்துருச்சா?" என்று கேட்டான்.

ரேணுகா ஜன்னலின் மூடியைக் கடைசிவரைக்கும் கீழே இழுத்துவிட்டாள்.

"இல்லங்க, தூங்குங்க. இன்னும் ரொம்பத் தூரம் இருக்கு."